மூக்கை அளந்த கதையும் கைபேசிக்கு வந்த செய்தியும்

ஒதியம்பட்டில் மாலை நேரத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவது வழக்கம். கல்லூரிக்குப் போய்வரும் பிள்ளைகள் நாலைந்து பேர், வேலை முடிந்து வரும் பெரியவர்கள் மூன்று பேர். நாளிதழைப் படிப்போம், பேசுவோம், சண்டையும் போட்டுக்கொள்வோம். போன மாதம் ஒரு சண்டை கொஞ்சம் முற்றிவிட்டது. தம்பி ஒருவரின் கைபேசிக்கு வந்த வாட்ஸ்அப் செய்திதான் காரணம். 'இந்த மண்ணின் கலப்பில்லாத ஆதிக்குடி நாம்தான், மரபணு ஆராய்ச்சியில் நிரூபணம்' என்றது அது. படித்ததும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இன்னொரு தம்பி, தன் கல்லூரி நண்பர்கள் குழுவில் வந்த வேறொன்றைக் காட்டினார். 'குறிப்பிட்ட சாதியினருக்கே அறிவுக்கான மரபணு, விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு' என்றது இது. படித்ததும் எல்லோருக்கும் கொதிப்பு.

எங்களில் மூத்த அக்கா ஒருவர் இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே கடைச் சரக்குதானே?" என்றார். அவர் சொன்னது சரி. எந்த விஞ்ஞானி, எந்த ஆண்டு, எத்தனை பேரைச் சோதித்தார், எங்கே வெளியிட்டார் என்று இரண்டிலும் ஒரு வரிகூட இல்லை. ஆனால் ஒன்றை நம்பினோம், மற்றொன்றைத் திட்டினோம். பிடித்ததை நம்புவது, பிடிக்காததைத் தள்ளுவது என்ற இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம். இது நம் பிள்ளைகளின் படிப்பையும் உடம்பையும் உரிமையையும் தொடுகிற விஷயம்.

வாட்ஸ்அப் வருவதற்கு நூறாண்டு முன்பே அறிவியலின் பெயரால் நம்மை அளந்துவிட்டார்கள். ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற ஆங்கிலேய அதிகாரி 1891-ல் வங்காளத்தின் சாதிகள், பழங்குடிகள் குறித்துப் பெரிய நூலொன்றை வெளியிட்டார். அளவு கருவியைக் கொண்டு மூக்கின் அகலத்தையும் உயரத்தையும் அளப்பார்கள். அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மூக்குக் குறியீடு. எண் குறைவாக இருந்தால் மெல்லிய மூக்கு, கூடுதலாக இருந்தால் அகன்ற மூக்கு. வட இந்தியாவில் ஏறத்தாழ 6,000 பேரை அளந்த பிறகு ரிஸ்லி ஒரு விதியையே அறிவித்தார். மூக்கு அகலமாக ஆக சாதியின் தகுதி குறையுமாம். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்தவரும் இவர்தான். எந்தச் சாதி மேலே, எது கீழே என்று வரிசைப்படுத்தும் வேலை அந்தக் கணக்கெடுப்பில் அரசாங்க வேலையாகவே நடந்தது.

தமிழகத்திலும் ஒருவர் இருந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்த எட்கர் தர்ஸ்டன். அளவு கருவிகளோடு ஊர் ஊராகச் சென்றவர். அந்தக் குறிப்புகளெல்லாம் சேர்ந்து 1909-ல் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்ற ஏழு தொகுதிகளாக வந்தன. வயநாட்டுப் பணியர் பெண்கள் தன்னைக் கண்டதும் ஓடிவிட்டதாக அவரே அதில் எழுதியிருக்கிறார். தங்களில் நல்லவர்களாகப் பார்த்துப் பிடித்துப் போய்ப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்று பயந்தார்களாம். அதை அவர் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். நமக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. யாரென்று சொல்லாமல், எதற்கென்று சொல்லாமல் ஒருவர் கருவியோடு வந்து மூக்கைப் பிடித்தால் ஓடத்தானே தோன்றும்.

அந்தக் காலத்தில் இது ஏமாற்று வேலையாகக் கருதப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எண் இருந்தது, அட்டவணை இருந்தது, கருவி இருந்தது. அறிஞர் சபைகளில் படிக்கப்பட்டது, இதழ்களில் அச்சானது. இன்றைக்கு 'ஆய்விதழில் வந்துவிட்டது' என்றால் எப்படி வாயடைத்துப் போகிறோமோ அப்படித்தான் அன்றும். மறுத்துப் பேச வேண்டுமென்றால் அந்த அட்டவணைக்குள் இறங்கிப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது.

அப்படி இறங்கிப் படித்தவர் அண்ணல் அம்பேத்கர். 1916 மே 9 அன்று நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் இந்தியாவில் சாதிகள் என்ற கட்டுரையை வாசித்தபோது அவருக்கு வயது 25. நம் கல்லூரிப் பிள்ளைகள் முதுகலை முடிக்கிற வயது. சாதி பற்றி அன்று பெரிய பெயர்களாக இருந்த செனார்ட், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் நால்வரின் வரையறைகளையும் வரிசையாக எடுத்து வைத்தார். எதில் என்ன சரி, எதில் என்ன விடுபட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம்தான் சாதியின் உயிர்நாடி என்று தன் கருத்தைப் பிறகுதான் வைத்தார். அடுத்த ஆண்டு அது இந்தியன் ஆன்டிகுவரி இதழில் வெளியானது.

மூக்கு விவகாரத்துக்கு அவர் வந்தது 1948-ல், தீண்டத்தகாதோர் யார் என்பதை ஆராயும் நூலில். அந்த நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். நந்தனார் நம் தமிழ் மண்ணுக்காரர் என்பதைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. தீண்டாமைக்குக் காரணம் இன வேறுபாடுதான், தீண்டப்படாதோர் வேறு இனம் என்ற வாதம் அன்று வலுவாக இருந்தது. ஸ்டான்லி ரைஸ் போன்றவர்கள் அதைச் சொன்னார்கள். அண்ணல் என்ன செய்தார்? 'இது ஆதிக்கக்காரர்களின் பொய்' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். கைதட்டலும் கிடைத்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. பம்பாய்ப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் கோவிந்த் சதாசிவ் குர்யே 1932-ல் வெளியிட்ட நூலில் மாகாண வாரியாகத் தொகுத்திருந்த அளவுகளை எடுத்துக்கொண்டார். எதிராளி நம்பும் அதே எண்களை மேசையில் பரப்பி வைத்தார்.

பிறகு கணக்கைப் பார்த்தார். ரிஸ்லியின் விதி உண்மையென்றால் எல்லா மாகாணத்திலும் மேலிருந்து கீழாக மூக்கு அகலமாகிக்கொண்டே போக வேண்டும். ஐக்கிய மாகாணத்தில் ஓரளவு அப்படித் தெரிந்தது. அதைத் தாண்டினால் விதி உடைந்துபோனது. பஞ்சாபில் துப்புரவு வேலைக்குத் தள்ளப்பட்ட சூஹ்ரா மக்களின் அளவுகள் ஐக்கிய மாகாணத்துப் பிராமணரின் அளவுகளுக்கு நெருக்கமாக இருந்தன. ஆக, உடல் அளவையை நம்பத்தக்க அறிவியல் என்று எடுத்துக்கொண்டால், பிராமணரும் தீண்டப்படாதோரும் ஒரே இனம் என்றுதான் அது சொல்கிறது என்று முடித்தார். ஒருவர் ஆரியர் என்றால் மற்றவரும் ஆரியர், ஒருவர் திராவிடர் என்றால் மற்றவரும் திராவிடர்.

இதில் நாங்கள் திரும்பத் திரும்பப் பேசிக்கொள்வது அந்த 'எடுத்துக்கொண்டால்' என்ற சொல்லைத்தான். மூக்கை அளப்பது இனத்தைக் கண்டுபிடிக்கும் வழி என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டாலும்கூட உங்கள் முடிவு உங்கள் எண்ணிலிருந்து வரவில்லை என்று காட்டினார். அளவு வேறு, அளவிலிருந்து எடுக்கும் முடிவு வேறு. ஒரு கட்டுரையில் அட்டவணை சரியாக இருக்கும், முடிவுரை அதைவிட்டு எங்கேயோ போயிருக்கும். அட்டவணைக்கும் முடிவுரைக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பார்ப்பதுதான் படிப்பு.

ரிஸ்லியின் கணக்கில் வேறு ஓட்டைகளும் இருந்தன. சாதி வாரியாகக் குறித்துக்கொண்டே அளந்தார்கள், அதாவது அளக்கப்படுபவரின் சாதி அளப்பவருக்கு முன்பே தெரியும். ஒரு கோடு இப்படி அப்படி நகர்ந்தால் எண் மாறும் இடத்தில், முன்பே தெரிந்த விடை கையை இழுக்கும். சராசரியைப் பெரிதாகக் காட்டினார்கள். ஒரே சாதிக்குள் மெல்லிய மூக்கும் உண்டு, அகன்ற மூக்கும் உண்டு. இரண்டு சாதிகளின் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். சராசரி அதை மறைத்துவிடும். ஒரு வீட்டில் அண்ணன் உயரம், தம்பி குட்டை என்பது நமக்குத் தெரிந்ததுதானே. 1923-ல் தாம்சன், பக்ஸ்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், உலகெங்கும் மூக்கின் வடிவம் வெப்பத்தோடும் ஈரப்பதத்தோடும் தொடர்புடையது என்று காட்டினார்கள். சூடும் ஈரமும் மிகுந்த இடத்தில் மூக்கு அகலம், குளிரும் வறட்சியும் உள்ள இடத்தில் மெலிவு. 1933-ல் புள்ளியியல் அறிஞர் மகலநோபிஸ் ரிஸ்லியின் வங்காள எண்களையே மறுபடி சரிபார்த்துத் தவறுகளைத் திருத்த வேண்டியிருந்தது. எண்கள் வெளியிடப்பட்டிருந்ததால்தான் அது முடிந்தது. இதற்காக ரிஸ்லிக்குக்கூட ஒரு நன்றி சொல்லலாம். எண்களை மறைத்து முடிவை மட்டும் சொல்லியிருந்தால் யாரும் அவரைப் பிடித்திருக்க முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இது நம் தோழர்கள் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். அதே 1948 நூலில் அண்ணல் தன் கோட்பாட்டையும் வைக்கிறார். தோற்றுச் சிதறிய குழுக்கள் ஊருக்கு வெளியே தங்கினார்கள், அவர்கள் பௌத்தர்களாக இருந்தார்கள், மாட்டிறைச்சியை விடவில்லை, அதனால் தீண்டாமை வந்தது, காலம் ஏறத்தாழ கி.பி. 400 என்பது அவர் கருத்து. ஆனால் முன்னுரையிலேயே, சான்றுகளின் சங்கிலியில் கண்ணிகள் விடுபட்ட இடத்தில் தான் ஊகத்தையும் கருதுகோளையும் பயன்படுத்தியிருப்பதாக வெளிப்படையாகச் சொல்கிறார். இறுதி உண்மை என்று உரிமை கொண்டாடவில்லை. ரிஸ்லிக்கு வைத்த அளவுகோலைத் தனக்கும் வைத்துக்கொண்டவர் அவர். அவர் ஊகம் என்று சொன்னதை நாம் மேடையில் 'நிரூபிக்கப்பட்ட வரலாறு' என்று முழங்கினால் அது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

மூக்கு போகட்டும், அது பழைய கதை. நம் வாயிலிருந்து வரும் பதிலை எப்படி அளக்கிறார்கள் என்பது இன்றும் நடக்கிற கதை.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் வேலை செய்தார்கள். ஜோன் மென்ச்சர் 1974-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சாதியைக் கீழே இருப்பவர்களின் இடத்திலிருந்து பார்த்தால் அது சுரண்டல் ஏற்பாடாகத்தான் தெரிகிறது, தலித் மக்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கிறது என்றார். மைக்கேல் மொஃபாட் அந்த மாவட்டத்தின் ஒரு கிராமத்தை ஆராய்ந்து 1979-ல் ஒரு நூல் எழுதினார். தீண்டப்படாதோர் தங்களுக்குள்ளும் மேல் கீழ் வரிசையை அப்படியே நகலெடுத்து வைத்திருக்கிறார்கள், ஆகவே அவர்களும் சாதியின் மதிப்புகளை ஏற்றுக்கொண்டவர்களே என்பது அவர் முடிவு. ஒரே மாவட்டம், ஒரே மக்கள், முடிவு நேர் எதிர். மொஃபாட்டின் நூலுக்குப் பல ஆண்டுகள் மறுப்புகள் வந்தன.

நம் சேரிகளுக்குள்ளும் மேல் கீழ் உண்டு என்று மொஃபாட் கண்டது பொய்யல்ல. சக்கிலியரை, புதிரை வண்ணாரை நம்மவர்கள் நடத்திய விதத்தை நினைத்தால் தலைகுனியத்தான் வேண்டும். அந்த உண்மையை மறைத்துவிட்டு அவரைத் திட்டுவது நேர்மையல்ல. ஆனால் நகலெடுக்கிறார்கள் என்பதிலிருந்து ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்குத் தாவியது, அட்டவணையிலிருந்து முடிவுரைக்குத் தாவியது போலத்தான். பண்ணையார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டியவர் மனதுக்குள்ளும் கட்டிக்கொண்டாரா என்பதைத் துண்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே ஒரு கிராமத்தில் விவசாயக் கூலியாகவும் மருத்துவச்சியாகவும் இருந்தவர் வீரம்மா. அவர் பாடும் பாட்டுகளைப் பதிவு செய்யப் போன ஜோசியான் ரசீன், பாட்டோடு நிற்காமல் பத்தாண்டுக் காலம் வீரம்மாவின் வாழ்க்கைக் கதையையே அவர் வாயால் தமிழில் பதிவு செய்தார். வீரம்மா, ஜோசியான், அவர் கணவர் ழான் லுக் ரசீன் மூவர் பெயரிலும் 1995-ல் பிரெஞ்சில் அது நூலாக வந்தது. துணைத் தலைப்பில் அடிமைப்பட்டவர்களின் சிரிப்பு என்று பொருள்படும் சொற்கள் இருக்கும். 1997-ல் ஆங்கிலத்தில் வந்தது. கூலிக்காரப் பெண்ணின் பெயர் நூலாசிரியர் வரிசையில் முதலில் நிற்கிறது என்பதே பெரிய விஷயம்.

அந்த நூலில் வீரம்மா விதியையும் சாமியையும் நம்புகிறார், ஆண்டைகளைப் பற்றிப் பயத்தோடும் மரியாதையோடும் பேசுகிறார். அதே வாயால் கேலி செய்து சிரிக்கவும் செய்கிறார். அவர் மகனின் எண்ணமோ வேறு, அவன் காலம் வேறு. ஒரு நாள் காலையில் படிவத்தோடு போய், 'சாதி முறையை ஏற்கிறீர்களா, ஆம் அல்லது இல்லை' என்று கேட்டிருந்தால் வீரம்மா ஒரு பெட்டிக்குள் டிக் ஆகி முடிந்திருப்பார். பத்து ஆண்டுகள் கேட்டதால்தான் அந்தச் சிரிப்பு கிடைத்தது. ஒரே ஒருவருடைய கதை என்பதால் இதை எல்லா தலித் பெண்களின் கதை என்று சொல்லிவிடவும் முடியாது. படிவத்தில் ஆயிரம் பேர் கிடைப்பார்கள், ஆழம் கிடைக்காது. வீரம்மாவிடம் ஆழம் கிடைக்கும், ஆயிரம் பேர் கிடைக்கமாட்டார்கள். எந்தக் கேள்விக்கு எது வேண்டும் என்று பார்க்க வேண்டும்.

எங்கள் அனுபவத்தில் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் கணக்கெடுக்க வந்த ஒருவர், வழி காட்ட ஊர்த் தெருவிலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்து வந்தார். அவர் பக்கத்தில் நிற்கும்போதே, "இங்க தீண்டாமை ஏதாவது இருக்குதுங்களா?" என்று எங்கள் பெரியம்மாவிடம் கேட்டார். பெரியம்மா, "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க தம்பி, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்" என்றார். அறுப்பு வேலை யாரிடம் கேட்பது, அவசரத்துக்குக் கடன் யாரிடம் கேட்பது என்பதெல்லாம் பெரியம்மாவுக்குத் தெரியும், படிவத்துக்குத் தெரியாது. அந்தப் பதிலும் எங்கோ ஒரு சதவீதத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே ஒரு கணக்கெடுப்பு முடிவைப் படிக்கும்போது எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதோடு, யார் முன்னால் கேட்டார்கள் என்பதையும் கேளுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆராய்ச்சியே வேண்டாம், யாரையும் தெருவுக்குள் விடாதே என்று முடிவு கட்டிவிடக் கூடாது. யானைக்கால் நோயால் கால் வீங்கி வேலைக்குப் போக முடியாமல் கிடந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1975-ல் புதுச்சேரியில் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் அந்த நோயின் கொசுவையும் மருந்தையும் பற்றிச் செய்த வேலை உலகம் அறிந்தது. அண்டைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அவர்கள் செய்த ஆய்வு ஒன்றில், சில கிராமங்களுக்கு மருந்து மாத்திரையும் சில கிராமங்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். ஏன் வெற்று மாத்திரை? மழை குறைந்தால் கொசு குறையும், கொசு குறைந்தால் நோய் தானாகவும் குறையும். மருந்து கொடுத்த ஊரை மட்டும் பார்த்தால் மழை செய்த வேலைக்கு மாத்திரை பெயர் வாங்கிக்கொள்ளும். பக்கத்தில் ஒப்பிட ஓர் ஊர் இருந்தால்தான் எது எதனால் என்று தெரியும். 'இந்தக் கஷாயம் குடித்தேன், மூன்று நாளில் சரியாகிவிட்டது' என்று வரும் வீடியோக்களில் இல்லாதது இந்த ஒப்பீடுதான். சளி கஷாயம் குடிக்காவிட்டாலும் சில நாளில் சரியாகும்.

தவறான முறையும் தவறான முடிவும் எப்போதும் ஒன்றாகவே வருவதில்லை. இதற்கு ஓர் எடுத்துக்காட்டு, கவனமாகப் படியுங்கள். 2009-ல் ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் திட்டம் நடந்தது. பலர் பழங்குடி, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளியானதும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரித்தபோது, பெற்றோரிடம் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களே சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தது தெரிந்தது. நாடாளுமன்றக் குழு 2013-ல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. நம் பிள்ளைகளின் உடம்புக்கு வார்டன் கையெழுத்துப் போடுவது மன்னிக்க முடியாதது. அதே சமயம், அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணம் என்று விசாரணையில் தெரியவரவில்லை. அந்தத் தடுப்பூசி பல நாடுகளில் சோதிக்கப்பட்டு நோயைத் தடுப்பது உறுதியானது. சம்மதம் வாங்கிய விதம் அநியாயம், தடுப்பூசி பயனுள்ளது. இரண்டும் உண்மை. ஒரு கோபத்தில் இரண்டையும் சேர்த்துத் தூக்கி எறிந்தால் இழப்பு நம் வீட்டுப் பெண்களுக்குத்தான்.

இனி மாணவர்களுக்கு ஒரு சொல். ஆய்வுப் படிப்பில் சேர்ந்த எங்கள் தெருத் தங்கை ஒருவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. சர்வதேச ஆய்விதழ், மூன்று நாளில் கட்டுரை வெளியாகும், சான்றிதழும் உண்டு, கட்டணம் சில ஆயிரம். உதவித்தொகை வராத மாதம் அது. கடன் வாங்கிக் கட்டினார். கட்டுரை மூன்றே நாளில் வந்தது, யாரும் படித்துப் பார்க்காமல். பெயரில் 'சர்வதேசம்' இருந்தது, அவ்வளவுதான். நல்ல இதழ் என்றால் அதே துறை அறிந்த இரண்டு மூன்று பேர் படித்து, இது ஏன், அது எப்படி என்று கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். மாதக்கணக்கில் ஆகும். அந்தத் தாமதம்தான் தரம்.

இது ஒருவர் கதையல்ல. பல்கலைக்கழக மானியக் குழு தானே அங்கீகரித்து வைத்திருந்த பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு கேர் என்ற பெயரில் புதிய பட்டியல் கொண்டுவந்தது. 2025-ல் அதையும் கைவிட்டு, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமும் ஆய்வாளர்களிடமும் விட்டுவிட்டது. வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு எது நல்ல இதழ் என்று சொல்ல அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. நெறியாளர்தான் சொல்ல வேண்டும். அவரே 'எங்கேயாவது போட்டுவிடு' என்றால் பிள்ளை என்ன செய்யும்? நமக்கு வரும் கல்வி நிதியில் ஒரு பங்கு இப்படி மோசடி இதழ்காரர்களின் பைக்குப் போகிறது. தலித் ஆசிரியர் அமைப்புகளும் மாணவர் அமைப்புகளும் துறை வாரியாக நல்ல இதழ்களை அடையாளம் காட்டும் வேலையை ஏன் எடுத்துச் செய்யக் கூடாது?

இப்போது அந்த மரபணுச் செய்திக்கு வருவோம். சண்டைக்குப் பிறகு பிள்ளைகள் தேடி எடுத்த உண்மையான ஆய்வுகள் இரண்டு. 2013-ல் அமெரிக்க ஆய்வாளர்களும் ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் சேர்ந்து வெளியிட்டது ஒன்று. தெற்காசியாவின் 73 குழுக்களை ஆராய்ந்தது. ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கே பரவலாகக் கலப்பு நடந்தது, அதன் பிறகே குழுவுக்குள் மட்டும் மணம் என்ற வழக்கம் இறுகியது என்பது அதன் முடிவு. இரண்டாவது, வங்கத்தின் கல்யாணியில் உள்ள தேசிய உயிரிமருத்துவ மரபணுவியல் நிறுவனத்தார் 2016-ல் வெளியிட்டது. 20 குழுக்களைச் சேர்ந்த 367 பேரைச் சோதித்து, ஏறத்தாழ 70 தலைமுறைக்கு முன் அகமணம் இறுகியதாகச் சொன்னது.

இவற்றைப் படித்தால் இரண்டு வாட்ஸ்அப் செய்திகளும் விழுந்துவிடுகின்றன. இந்திய நிலப்பரப்பில் ஏறத்தாழ எல்லோரும் கலந்தவர்கள், ஆகவே 'கலப்பில்லாத' என்ற சொல்லுக்கு இடமில்லை, அது நமக்கும் சேர்த்துத்தான். அறிவையோ இந்த ஆய்வுகள் அளக்கவே இல்லை.

அப்போது ஒரு தம்பி உற்சாகமாக எழுந்தார். 70 தலைமுறை என்றால் ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு மேல், அண்ணல் சொன்ன கி.பி. 400-க்குப் பக்கத்தில் வருகிறது, 'அண்ணல் சொன்னதை மரபணு நிரூபித்தது' என்று நாமே ஒரு செய்தி போடலாம் என்றார். எங்களுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணல் சொன்னது தீண்டாமை தோன்றிய காலம், ஆய்வு சொல்வது குழுவுக்குள் மணம் இறுகிய காலம். அந்த 70 தலைமுறைக் கணக்கும் முதன்மையாக உயர்சாதிக் குழுக்களில் கண்டது. 20 குழுக்களுக்கு 367 பேர் என்றால் ஒரு குழுவுக்குச் சராசரியாக இருபது பேர்கூட இல்லை. ஒரு தலைமுறைக்கு இத்தனை ஆண்டு என்று வைத்துக்கொண்ட கணக்கில்தான் காலமே வருகிறது. சாதிக்குள் மணம்தான் சாதியின் உயிர்நாடி என்று 1916-ல் அண்ணல் சொன்னதோடு இந்த ஆய்வுகள் ஒத்துப்போகின்றன என்பதுவரை சொல்லலாம். அதற்கு மேல் போனால் ரிஸ்லி செய்த வேலையை நாம் செய்தவர்களாவோம். செய்தி போடவில்லை. தம்பிக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

இரண்டு வாரத்துக்கு முன் எங்கள் தெருவுக்குச் சுகாதார ஆய்வு ஒன்றுக்காகப் பெண்கள் இருவர் கையில் டேப்லெட்டோடு வந்தார்கள். ஆய்வில் சேருபவருக்கு அவருக்குப் புரியும் மொழியில் தகவல் தாள் தர வேண்டும், விருப்பமில்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளில் இருக்கிறது. இந்த முறை எங்கள் பெரியம்மாவே கேட்டார்: "எந்த ஆபீசும்மா? எதுக்குக் கேக்கிறீங்க? எங்க தாள்?" தமிழில் அச்சிட்ட தாளை அவர்கள் கொடுத்தார்கள். கேள்வி கேட்கும்போது வேறு யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்று சொன்னோம், சரி என்றார்கள். முடிவு வந்ததும் தமிழில் ஒரு பிரதி எங்களுக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாக வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தத் தாளும் தொடர்பு எண்ணும் பெரியம்மா வீட்டில் ரேஷன் கார்டு வைக்கும் பையில் இருக்கின்றன.